கழிக்காதலே, வகுத்துப் பாரு

ஒண்ணு ஏறுனா இன்னொண்ணும் ஏறுது, அதனால ரெண்டும் நேர்த்தகவுல இருக்குன்னு எழுதி, அடியில ஸ்கேல் வச்சு ரெண்டு கோடு வேற போட்டிருக்கே. அடேங்கப்பா! உன் வயசும் வருஷா வருஷம் ஏறத்தான் செய்யுது, பெட்ரோல் விலையும் ஏறத்தான் செய்யுது. ரெண்டுக்கும் நேர்த்தகவுன்னு பங்குல போயிச் சொல்லிப் பாரேன், ஒரு சொட்டு கூட ஊத்துதானான்னு பாப்போம்.

எட்டாங்கிளாசோட நின்ன கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதலே. வாத்திமாரு கரும்பலகையில விதியை எழுதிப் போட்டுட்டுப் போயிருவாவ. ஸ்டாண்டைத் தொடச்சு, தக்கையைப் பிளந்து நூலைச் சொருகி, குண்டைத் தொங்கவிட்டு, சுரமானிக்குக் கம்பி அறுந்தா மாத்திக் குடுத்தது லேப் அட்டெண்டர் நான். பிராக்டிக்கல்ல பிள்ளைய என்னென்ன களவாணித்தனம் பண்ணும்னு வாத்திமாருக்குத் தெரிஞ்சதை விட எனக்கு நல்லாத் தெரியும்.

நோட்டை இங்கன கொண்டா. தனி ஊசலா? நீளம் 25 செ.மீ., 20 அலைவுக்கு 20.1 செகண்டு. 50 செ.மீ.க்கு 28.4. 75-க்கு 34.8. 100-க்கு 40.1. பரவால்லியே, ரீடிங்கு சுத்தமா எடுத்திருக்கே. ஆனா எடுத்ததை வச்சு என்ன செய்யன்னு தெரியாம ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழிச்சு வச்சிருக்கே: 8.3, 6.4, 5.3. இதைப் பாத்து உனக்கு என்னலே வெளங்குச்சு? கூடுதது குறைஞ்சுகிட்டே வருதுன்னு வெளங்குச்சு. சரிதான், அதுல பொய்யில்ல. வட்டிக்கடைக்காரன் கூட அம்புட்டுதான் கண்டுபிடிப்பான்.

கழிக்கிறதை விடு. வகுத்துப் பாரு. 25-லேர்ந்து 50, நீளம் ரெண்டு மடங்கு. நீ எழுதுன மாதிரி நேர்த்தகவுன்னா நேரமும் ரெண்டு மடங்காகி 40.2 வந்திருக்கணும். வந்தது 28.4. அதை 20.1-ஆல வகுத்தா 1.41. இருக்கட்டும், அடுத்ததுக்குப் போ. 50-லேர்ந்து 100, மறுபடியும் ரெண்டு மடங்கு. 40.1-ஐ 28.4-ஆல வகு. எம்புட்டு? அதே 1.41! கழிச்சப்ப ஒண்ணு 8.3-ன்னும் இன்னொண்ணு 11.7-ன்னும் பங்காளிச் சண்டை போட்டுக்கிட்டுத் தனித்தனியா நின்ன எண்ணுங்க, வகுத்தவுடனே ஒரே பந்தியில வந்து உக்காந்துட்டு பாத்தியா? நீ எந்த நீளத்துல ஆரம்பிச்சாலும் சரி, நீளத்தை இரட்டிச்சா நேரம் 1.41 மடங்குதான். மூணு மடங்கு ஆக்கு, 25-லேர்ந்து 75. நேரம் 1.73 மடங்கு. நாலு மடங்கு ஆக்கு, நேரம் சரியா ரெண்டு மடங்கு. ரெண்டுக்கு 1.41, மூணுக்கு 1.73, நாலுக்கு 2. இது எதோட வாய்ப்பாடுன்னு எட்டாங்கிளாசுல நின்னவனுக்கே தெரியுது, பிளஸ் ஒன் படிக்கிற உனக்குத் தெரியலன்னா எப்படிலே? வர்க்கமூலம்!

இப்ப நேரத்தை வர்க்கமாக்கி நீளத்தால வகுத்துப் பாரு. 16.16, 16.13, 16.15, 16.08. நாலு ரீடிங்கும் ஒரே வாயாப் பேசுது. அந்த 16.1-க்குள்ளதான் உங்க வாத்தியார் கேக்குத புவிஈர்ப்பு முடுக்கம் ஒளிஞ்சிருக்கு. அதைப் பைய எடுத்துக்கலாம், அது எங்கயும் ஓடிராது.

உங்க அக்கா இருக்காளே, காலேஜுக்காரி, அவ கதை இன்னும் ஜோரு. இதே நாலு ரீடிங்கை லேப்டாப்புல எக்செல்ல போட்டு, பளிச்சுன்னு ஒரு நேர்கோட்டை இழுத்து, ‘ஆர் ஸ்கொயர் 0.99 தாத்தா, பிரமாதம்!’னு வந்து நின்னா. எனக்கும் சந்தோசந்தான். நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது வாங்குன கோடு! ‘தாயி, அந்தக் கோட்டை அப்படியே இடதுகைப் பக்கமா நீட்டு, நீளம் சைபராகுத இடம் வரைக்கும்’னேன். நீட்டுனா. அங்கன 14 செகண்டு சொச்சம் நிக்குது. அதாவது, நூலே இல்லாத ஊசல் 20 தடவை ஆடுததுக்கு 14 செகண்டு ஆகுமாம்! தக்கையில வச்சுத் திருகுன மாதிரி குண்டு அங்கனயே முக்கிக்கிட்டு நிக்கும், ஆடாது, ஆனா கணக்கு மட்டும் 14 செகண்டுன்னு சொல்லும். அவ லேப்டாப்பை மூடுனவதான், அன்னைக்கு என்கிட்ட பேசவே இல்ல.

நாலு புள்ளிக்குப் பக்கத்துல போயிட்டு வார கோடு எத்தனையோ இருக்கு. எதுவுமே இல்லாதப்போ என்ன ஆகும், இரட்டிச்சா என்ன ஆகும்னு ரெண்டு கேள்வியைக் கேட்டுப்புட்டா பொய்க் கோடு பாதிக்கு மேல ஓடிப்போயிரும். அதைக் கேக்க லேப்டாப்பு வேண்டாம், வாய் இருந்தாப் போதும்.

இன்னொண்ணு. ஒரே நேரத்துல ரெண்டை மாத்தாதே. போன தடவை ஒருத்தன் நூலையும் நீட்டி, பித்தளைக் குண்டை எடுத்துட்டு மரக் குண்டையும் மாட்டிப்புட்டு, நேரம் கூடுனது குண்டாலயா நூலாலயான்னு என்கிட்ட வந்து கேக்கான். ஜோசியர்ட்ட போப்பான்னு அனுப்பிட்டேன். நூலை அப்படியே வச்சுட்டுக் குண்டை மட்டும் மாத்திப் பாரு. நேரம் மாறாது. ‘ஒண்ணும் வரலையே’ன்னு மூஞ்சியைத் தொங்கப் போடாதே. குண்டோட எடைக்கும் நேரத்துக்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாதுன்னு தெரிஞ்சுது பாரு, அதுவே பெரிய ரீடிங்குதான்.

களவுக்கு வருவோம். மார்ச்சு மாசம் எக்ஸ்டர்னல் வாராருன்னா பாதிப் பேரு ஊசலையே தொடமாட்டான். முடுக்கம் 9.8-ன்னு புஸ்தகத்துல இருக்கு, அங்கேயிருந்து தலைகீழாக் கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதிப்புடுவான். நல்லா எழுதித் தொலைச்சாலும் பரவால்ல. 2.0071 செகண்டுன்னு எழுதுவான்! ஏலே, உன் கையில இருக்குத ஸ்டாப் வாட்ச்சு செகண்டுல பத்துல ஒரு பங்குதான் காட்டும், அதுக்குள்ள பத்தாயிரத்துல எழுபத்தொண்ணு பங்கை எங்கேயிருந்துலே பொறுக்கிட்டு வந்தே? வகுத்துப் பாத்தா எல்லா வரியும் பொட்டு அசையாம ஒரே எண்ணு. நெசமா எடுத்த ரீடிங்கு அப்படி நிக்காது. உன்னோடதைப் பாரு, 16.16, 16.13, 16.15, 16.08. கொஞ்சம் மேல, கொஞ்சம் கீழ. அது கை நடுக்கம். அது இருந்தாத்தான் மனுசன் எடுத்த ரீடிங்கு.

ஆனா நடுக்கம் வேற, நகருதது வேற. உன் பக்கத்து பெஞ்சுக்காரன் நோட்டையும் பாத்தேன். அதே ஊசலு, நேரமெல்லாம் உன்னோடது போலத்தான் இருக்கு. வகுத்தா 16.83, 16.46, 16.37, 16.24-ன்னு படியிறங்குத மாதிரி ஒரே பக்கமா இறங்கிக்கிட்டே வருது. ரீடிங்கு சரி, நேரம் சரி, அப்போ கோளாறு எங்க? அவன் நூலை மட்டும் அளந்திருக்கான். குண்டோட நடுப்புள்ளி வரைக்கும் அளக்கணும்லா? ஒரு சென்டிமீட்டரை ஒவ்வொண்ணுலயும் விட்டுட்டான். நீளம் 25-ஆ இருக்கும்போது அந்த ஒண்ணு பெரிசு, 100-ஆ இருக்கும்போது சிறுசு. அதான் வகுத்த எண்ணு முதல்ல எகிறி நின்னு, பைய இறங்கி வருது. நான் அவன் ஊசலைப் பாக்கவே இல்ல, நோட்டை மட்டும்தான் பாத்தேன். ‘குண்டு ரெண்டு சென்டிமீட்டர் அகலமாடா?’ன்னு கேட்டேன். பய அரண்டு போயிட்டான், எனக்கு மை போட்டுப் பாக்கத் தெரியும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு அலையுதான்.

பாத்து எழுதுத வியாதி உங்க காலத்துல வந்ததுன்னு நினைக்காதே. பெரிய பெரிய ஆளுகளுக்கே இருந்திருக்கு. பித்தாகரஸ் கொல்லம்பட்டறை வழியாப் போனாராம். சுத்தியல் சத்தம் சுதி சேந்து கேட்டுச்சாம். உள்ள போயி சுத்தியலை நிறுத்துப் பாத்தா 12, 9, 8, 6. அதே எடையைக் கம்பியில தொங்கவிட்டு மீட்டுனாராம், அதே சுதி வந்துச்சாம். 12-க்கும் 6-க்கும் நடுவுல, கீழ் ஷட்ஜத்துலேர்ந்து மேல் ஷட்ஜத்துக்கு உள்ள தூரம். கேக்க எம்புட்டு அழகா இருக்கு! கிரேக்க மொழியில நிக்கோமாக்கஸ் எழுதி வச்சாரு, ரோமாபுரியில போயத்தியஸ் எழுதுனாரு, அதுக்கப்புறம் வந்தவனெல்லாம் எழுதுனான். ஆயிரத்துச் சொச்சம் வருஷம். ஒரே ரெக்கார்டு நோட்டைப் பாத்து ஊர் ஊரா எழுதியிருக்காவ, ஒருத்தர் கூட எடையைத் தொங்கவிட்டுப் பாத்த மாதிரி தெரியல.

கடைசியில பாத்தது ஒரு பாட்டுக்காரரு. இத்தாலியில வின்சென்சோ கலிலேய், லூட் வாசிக்கிறவரு. நம்ம கலிலியோவுக்கு அப்பா. கம்பிக்கு முறுக்கேத்தியே பொழைக்கிறவருக்குத் தெரியாதா? தொங்கவிட்டாரு. ரெண்டு மடங்கு எடைக்கு மேல் ஷட்ஜம் வரவே இல்ல. நாலு மடங்கு தொங்கவிட்டாத்தான் வந்துச்சு. 1589-ல புஸ்தகமாவே போட்டு உடைச்சிட்டாரு. ரெண்டு மடங்கு எடைக்கு என்ன வரும்னு நீயே சொல்லு, இப்பத்தான் ஊசல்ல பாத்தே. அதிர்வெண் 1.41 மடங்கு! ஷட்ஜத்துலேர்ந்து 1.41 மடங்குன்னா பிரதி மத்தியமத்துக்கிட்ட போயி நிக்கும். மேல் ஷட்ஜத்துக்குக் காத்திருக்குத காதுல பிரதி மத்தியமம் விழுந்தா நாதஸ்வரக்காரரு சீவாளியைத் தூக்கி எறிஞ்சிருவாரு. காதுள்ள யாரும் ஒரே ஒரு தடவை மீட்டியிருந்தாக் கதை அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

எடை நாலு மடங்கானா அதிர்வெண் ரெண்டு மடங்கு. கம்பி நீளம் பாதியானாலும் ரெண்டு மடங்கு. இதையெல்லாம் சேத்துச் சட்டமா எழுதுனது மெர்சென்னுங்கற பிரெஞ்சுப் பாதிரியாரு, 1636 வாக்குல. நீ சுரமானியில செய்யுதது அவரு செஞ்சதுதான். 256 அதிர்வெண் இசைக்கவைக்குக் கம்பி நீளம் 48.1 செ.மீ.ல காகிதத்துண்டு துள்ளி விழுது. 320-க்கு 38.3. 384-க்கு 32.2. 512-க்கு 23.9. ஒண்ணு ஏற ஒண்ணு இறங்குனா எதிர்த்தகவுன்னு எழுதிராதே, தண்ணித் தொட்டி கூடத்தான் நேரம் ஏற ஏற இறங்குது. பெருக்கிப் பாரு: 12,314, 12,256, 12,365, 12,237. நூத்துல ஒண்ணுக்குள்ள எல்லாம் அடங்குது, மேலயும் கீழயுமா ஆடுது. இப்ப எழுது எதிர்த்தகவுன்னு, உன் கையைப் பிடிக்க மாட்டேன்.

நேர்கோடு வந்தாலே நேர்த்தகவுன்னு நம்புத கோட்டிப்பயலுவளும் உண்டு. சுருள்வில்லுல 100 கிராம் போட்டா 24 செ.மீ., 200 போட்டா 28, 300-க்கு 32. ஸ்கேல் வச்ச மாதிரி நேர்கோடு. ஆனா 100-லேர்ந்து 200 இரட்டிச்சா 24 எங்க 48 ஆச்சு? கல்யாணச் செலவு மாதிரிதான் இது. 200 இலைக்கு ஆன செலவு 400 இலைக்கு ரெண்டு மடங்கு ஆகாது, ஏன்னா பந்தலும் மேளமும் ஒரே பந்தல், ஒரே மேளம். பந்தல் காசைக் கழிச்சுட்டு இலைக் காசை மட்டும் வச்சு வகுத்தா இரட்டிக்கும். வில்லுக்குப் பந்தல் காசு, எடையே போடாதப்போ இருந்த 20 செ.மீ. அதைக் கழிச்சா 4, 8, 12. ஆமாலே, கழிக்காதேன்னு சொன்ன வாய்தான் இப்போ கழிக்கச் சொல்லுது. எங்க சைபருன்னு கண்டுபிடிக்க ஒரே ஒரு தடவை கழி, அதுக்கப்புறம் வகு. ஹூக் 1676-ல இந்த விதியை எழுத்தைக் கலைச்சுப் போட்டு விடுகதையா அச்சடிச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு 1678-லதான் விடையைச் சொன்னாரு. வேற யாரும் தன் பேருல போட்டுக்கிரக் கூடாதுன்னு பயம். நம்ம ஊரு வைத்தியரு மருந்துச் சீட்டு எழுதுத பதனம்!

வானத்துல உள்ளதுக்கும் இதே வைத்தியந்தான். சூரியன்லேர்ந்து பூமி இருக்குத தூரத்தை ஒண்ணுன்னு வச்சுக்கோ, வியாழன் 5.2 மடங்கு தள்ளி நிக்கு. ஒரு சுத்து முடிக்க நமக்கு ஒரு வருஷம், அதுக்கு 11.86 வருஷம். நேர்த்தகவா? அப்படின்னா 5.2 வருஷம் வரணும், பத்தல. வர்க்கமா? 27 வரணும், ரொம்பக் கூட. ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ கிடக்கு. சும்மா இராதே, 5.2-ஐ அதோட வர்க்கமூலம் 2.28-ஆல பெருக்கிப் பாரு. 11.86! மயிர் கூச்செறியுதா இல்லியா? எறியட்டும், ஆனா ஒத்தச் சாட்சியை நம்பாதே. சனியைக் கூப்பிடு. தூரம் 9.54, அதோட வர்க்கமூலம் 3.09, பெருக்குனா 29.5. சனீஸ்வரன் ஒரு சுத்து முடிக்க 30 வருஷம்னு ஏழரைக் கணக்குப் போடுத ஜோசியருக்கே தெரியும்.

இப்ப நமக்கு விடை தெரிஞ்சிருக்கதால ரெண்டு வரியில முடிஞ்சிட்டு. கெப்ளருக்கு அப்படி முடியல. தொலைநோக்கி வாரதுக்கு முன்னாலேயே டைக்கோ பிராஹே வெறுங்கண்ணால அளந்து வச்சிட்டுப் போன ரீடிங்கைக் கட்டிக்கிட்டு வருஷக்கணக்கா மல்லுக்கட்டுனாரு. இந்தப் பக்கம் பெத்த தாயி மேல சூனியக்காரின்னு வழக்கு வேற. 1618 மார்ச்சு 8-ஆம் தேதி இந்த ஒண்ணரை மடிக் கணக்கு அவரு மனசுல வந்திருக்கு. போட்டுப் பாத்தாரு, கூட்டல் பெருக்கல்ல எங்கயோ சறுக்கி ஒத்து வரல, சவத்தத் தூக்கிப் போடுன்னு தள்ளி வச்சிட்டாரு. மே 15-ஆம் தேதி மறுபடி எடுத்துப் போட்டா நச்சுன்னு உக்காந்துட்டு. தேதியோட எழுதி வச்சிருக்காரு மனுசன், 1619-ல வந்த புஸ்தகத்துல. நீ இருக்கியே, ஒரு தடவை தப்பா வந்தா அழிச்சுட்டுப் பக்கத்து நோட்டைப் பாக்குதே.

இதெல்லாம் பிராக்டிக்கலோட முடிஞ்சு போகுத சமாச்சாரம்னு நினைச்சியா? வீட்டுக்கு வெளிய வந்து பாரு. முப்பந்தல்லேர்ந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் காத்தாடி நட்டு வச்சிருக்கானே, ஆடி மாசம் கணவாய் வழியா அடிக்கிற காத்துக்கு. அந்தக் காத்து இரட்டிச்சா கரண்டும் இரட்டிக்கும்னு டீக்கடையில ஒருத்தன் சத்தியம் பண்ணுதான். காத்து இரட்டிச்சா ஒரு செகண்டுக்குள்ள வந்து மோதுத காத்தோட அளவு ரெண்டு மடங்கு. வந்து மோதுத ஒவ்வொரு கிலோ காத்தும் சொமந்துக்கிட்டு வார ஆற்றல் நாலு மடங்கு. ரெண்டையும் பெருக்கு, எட்டு மடங்கு. மும்மடிலே! செகண்டுக்கு 6 மீட்டர்ல வார காத்தையும் 12 மீட்டர்ல வார காத்தையும் ஒரே தராசுல வைக்க முடியுமா?

அப்போ புயலடிச்சா ஊருக்கே கரண்டு இலவசமான்னு கேக்காதே. 12, 15 மீட்டரைத் தாண்டுனா மிஷினு தன் சக்திக்கு மேல குடுக்காது, ரெக்கையைத் திருப்பிக் காத்தை நழுவ விட்டுரும். 25 மீட்டர் வாக்குல மொத்தமா நிறுத்திப்புடுவான், இல்லன்னா ரெக்கை உங்க தோப்புல கிடக்கும். மும்மடிக் கணக்கு அதுக்குக் கீழ உள்ள காத்துக்குத்தான். எது வரைக்கும் அளந்தியோ அது வரைக்கும்தான் உன் விதிக்குப் பட்டா.

உங்கப்பன் காத்தாடிக்காரனுக்குக் குத்தகைக்கு விடலாம்னு அந்தப் பொட்டல் நிலத்தை விலை பேசிக்கிட்டு இருக்கான்லா, அங்க போறப்போ நீயும் கூடப் போ. புரோக்கர் வெத்திலையை மென்னுக்கிட்டே, ‘அண்ணாச்சி, சராசரிக் காத்து 6 மீட்டரு’ன்னு சொல்லுவான். பொய் சொல்ல மாட்டான், நல்ல பய. ஆனா ஒரு நிலத்துல நாள் பூரா 6-ஆவே அடிக்கலாம், இன்னொண்ணுல பாதி நேரம் 4, பாதி நேரம் 8 அடிக்கலாம். சராசரி ரெண்டுக்கும் 6-தான். மும்மடி போட்டுப் பாரு. முதல் நிலத்துக்கு 216. ரெண்டாவதுக்கு 64-ம் 512-ம் கூட்டிப் பாதி, 288. அதே சராசரிக்கு மூணுல ஒரு பங்கு கூடக் கரண்டு! சராசரியை வாங்கிக்கிட்டு ஆற்றலைக் கோட்டை விட்டுட்டு வரத்தான் உங்கப்பன் ஆளு, எனக்குப் பொறந்தவன்லா. அதனால சராசரியெல்லாம் கேக்காதே. காத்தாடிக் கம்பத்துல எடுத்த மணிக்கணக்கு ரீடிங்கு இருக்கும், அதைக் கேளு. புரோக்கர் தர மாட்டான். தந்துட்டான்னா நேரே என்கிட்ட கொண்டுவா. எல்லா வரியும் பொட்டு அசையாம இருந்துச்சுன்னா, அவனும் உன்னோட பிளஸ் ஒன் படிச்சவன்தான்.